உயிரெழுத்து மட்டும்

மஞ்சள் நிறம்.
இரண்டு சிரட்டைகளை ஒரு வளையத்தில் கோர்த்த மாதிரி.
"கல்லுடைக்கிற ஆக்கள்தான் இதை வாங்குவாங்க"
என்றான் அம்பாறை டவுன் இரும்புக்கடைக்காரன்.
நான் சம்மட்டி அடிக்கிறவள் என்றேன்.
என் தோளைப் பார்த்தான்.
பிறகு நூறு ரூபாய் குறைத்தான்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பில்தான் தெரிந்தது.
மைக்கில் ஒரு பெயர் வாசித்தார்கள்.
எனக்கு வந்து விழுந்தது
உ... இ... ஆ...
யார் பெத்த பிள்ளையோ என்று இருந்தேன்.
மேடையில் ஏறியது துர்ஷிகா.
நான் கை தட்டத் தொடங்கும்போது
மற்றவர்கள் தட்டி முடித்திருந்தார்கள்.

கல்முனை ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் இருத்தி
சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னாள் ஒரு பிள்ளை.
பெருவிரலை வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தேன்.
மெசின் பழுது என்று நினைத்தேன்.
கடதாசியில் ஒரு கோடு, நேரே போய்,
வாய்க்கால் கட்டு உடைந்த இடம்போல் சரிந்து கிடந்தது.
"தடிச்ச சத்தம் இருக்கு, அக்கா.
கீச்சுச் சத்தம்தான் போய்ட்டு.
க, ச, ட, த எல்லாம் இனிக் கொஞ்சம் கஷ்டம்."

மெய் போய்
உயிர் மிஞ்சியிருக்கிறது.
ஊரில் ஆருக்கு இப்படி நடந்திருக்கு?
நான் சிரித்தேன்.
அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஹெலிகொப்ரர் ஓட்டப் போறியா?"
கம்மாலை வாசலில் யோகநாயகம் கேட்டான்.

எங்களுக்குள் பத்தொன்பது வருசமாய் ஒரு பாஷை:
அவன் சின்னச் சுத்தியல் எங்கே தொடுகிறதோ
அங்கே என் சம்மட்டி.
பட்டடையின் வெறும் முகத்தில் ஒரு டிங் என்றால்
நிறுத்து.

முதல் நாள் அந்த டிங் வரவில்லை.
லொறி வில்லுத் தகட்டை அவன் திருப்புகிறான்,
நான் இறக்கிவிட்டேன்.
குறடு பறந்தது.
சிவந்த துண்டு உதுமாலெவ்வை காக்காவின்
சைக்கிளுக்குக் கீழே போய்க் கிடந்து
ரயர் மணத்தது.
யோகநாயகத்தின் வாய் அசைந்தது. நீளமாக அசைந்தது.
சிரட்டைக்குள் என் மூச்சு மட்டும்.
சிலதைக் கேட்காமல் விட்டதும் நல்லதுதான்.

பிறகு பேசி முடித்தோம்:
சுத்தியலைச் சரித்துப் படுக்க வைத்தால் நிறுத்து.
அதற்கு நான் அவன் கையைப் பார்க்க வேண்டும்.
இவ்வளவு காலமும் பார்த்தது இரும்பின் நிறத்தைத்தான்,
நாவற்பழம், செவ்விளநி, பிறகு தோடம்பழம்.
கையைப் பார்க்கப் போய் ஆளைப் பார்த்தேன்.
வியர்வையை வலது தோளில்தான் துடைக்கிறான்.
அடிக்க முதல் கீழ் உதட்டைக் கடிக்கிறான்,
கணக்குப் பிழைத்த பிள்ளைபோல.

அவன் முதுகுக்குப் பின்னால்
காக்காவின் வாய் மூன்று தரம் திறந்து மூடியது.
யோகநாயகம் திரும்பவில்லை.

நான் சிரட்டை போட்டிருக்கிறேன்.
அவனுக்கு என்ன?

இரவு கரண்ட் போய்விட்டது.
காற்று இல்லை. சோறு ஆறிக் கிடந்தது.
"வெளிய சில்லூறு கத்துதா?" என்றேன், சும்மாதான்.
தலையைச் சரித்துக் கேட்டான்.
"ஓம். கடுமையாக் கத்துது."

துர்ஷிகா விளக்கடிப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.
எழும்பிப் போனாள். வளவுக் கடப்படி மட்டும் போய்
அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.
எங்கள் இருவர் முகத்துக்கும் நேரே குனிந்து
மெதுவாகச் சொன்னாள்.
முன்பாதி கரைந்துவிட்டது.
"இல்ல" மட்டும் முழுசாகக் கேட்டது.

அவன் என்னைப் பார்த்தான்.
நாலு காதுக்கும்
ஒரே பூச்சி.

விடிந்தால் முதல் பஸ்ஸில் போக வேண்டும்.
இந்த முறையும் நூறு குறைப்பானோ தெரியாது.
வந்து பதினெட்டுத் தாக்கத்திக்குப் பல்லு வெட்ட வேண்டும்.
வட்டையில் கதிர் சாய்ந்துபோய்க் கிடக்கிறது,
காக்கா பொறுக்க மாட்டார்.